அடையாளம் காண இயலாத எருமை

காவல் நிலைய வாசலில் எருமை கட்டியிருந்தது. உள்ளே போலீஸ் சீஃப் பலோமார் இரண்டு விரல்களால் தட்டச்சு செய்துகொண்டிருந்தார்.

எருமை யாருடையது என்பதுதான் வழக்கு. மனாங் பசிலியா, அதாவது பசிலியா அக்கா, தன்னுடையது என்றார். பக்கத்து மாவட்டத்து மாட்டு வியாபாரி ஒக்தாவியோ தன்னுடையது என்றான். இருவரிடமும் உரிமைச் சான்றிதழ் இருந்தது. பசிலியாவின் சான்றிதழில் இருந்த கையெழுத்து என்னுடையது. அதனால்தான் பசிலியா என்னை அலுவலகத்திலிருந்து இழுத்து வந்திருந்தார். நான் புவெனாபிளோர் நகராட்சியில் எழுத்தர். எருமைகளுக்குச் சான்றிதழ் கொடுப்பது எங்கள் பிரிவு.

பதினோரு நாட்களுக்கு முன் பசிலியா ஆற்றங்கரையில் கட்டியிருந்த எருமை காணாமல் போனது. நேற்று சந்தையில் ஒக்தாவியோவின் லாரிக்குப் பக்கத்தில் பசிலியா அதைப் பார்த்தார். லாரியின் முன்னால் படுத்துக்கொண்டார். போலீஸ் வரும்வரை எழுந்திருக்கவில்லை.

"டோன்யாவ எனக்கு அஞ்சு வருஷமாத் தெரியும். பொறந்தப்போ கால் முதல்ல வந்துச்சு. இந்தக் கையால இழுத்தேன்" என்றார் பசிலியா.

"எருமைக்குப் பேரெல்லாம் சட்டத்துல கிடையாது மனாங்" என்றார் சீஃப்.

"நீங்க கூப்பிட வேணாம். நான் கூப்பிடறேன். வருதா பாருங்க."

கயிற்றை அவிழ்த்தார்கள். பசிலியா நாக்கைச் சுண்டிக் கூப்பிட்டார். டோன்யா தலையைத் தூக்கிப் பார்த்தது. பிறகு மெதுவாக நடந்துபோய், நிலையத்து வாசலில் தொட்டியில் வைத்திருந்த செடியைத் தின்னத் தொடங்கியது.

ஒக்தாவியோ சிரித்தான். "எருமை புல்லு இருக்கற பக்கம் போகும், சீஃப். எனக்கும் உங்களுக்கும் தெரியாததா?"

"அது என் சம்சாரம் வச்ச செடி" என்றார் சீஃப். "பிடிச்சுக் கட்டுங்க."

தொடையில் போட்ட முத்திரையை வைத்துச் சொல்ல முடியவில்லை. அதன்மேல் புதிதாகச் சூடு போட்டிருந்தார்கள். தோல் வெந்து எழுத்து கலைந்திருந்தது. மிஞ்சியவை சுழிகள். எங்கள் சான்றிதழில் ஓர் எருமைத் தோலின் வடிவம் அச்சடித்திருக்கும், தலை மேலே, வால் கீழே. எருமையின் உடம்பில் சுழி இருக்கும் இடத்தையெல்லாம் அதில் வரைந்து தரவேண்டும். முத்திரையை அழிக்கலாம். சுழியை அழிக்க முடியாது.

சீஃப் இரண்டு காகிதங்களையும் எடுத்துக்கொண்டு எருமையைச் சுற்றி வந்தார்.

"ஒக்தாவியோ பேப்பர்ல அஞ்சு சுழி. எருமையிலயும் அஞ்சு. எல்லாம் அதது இடத்துல இருக்கு. உங்க பேப்பர்ல நாலுதான் மனாங். நெத்தி சரி. மத்த மூணும் எதிர்ப்பக்கம். இடது தோள்ல இருக்கறத வலதுன்னு போட்டிருக்கு."

"கழுத்துல இருக்கறது சுழியே இல்ல. போன மழைக்கு மூங்கில் குத்தின காயம். அது மேல மயிர் சுத்தி வளந்திருக்கு."

"நாலு சரியா இருந்தா அஞ்சாவதப் பத்திக் கேப்பேன். நாலுல மூணு தப்பா இருக்கே."

உள்ளே போய் உட்கார்ந்தார். எங்கள் ஊரில் புகார் பேச்சு எல்லாம் எங்கள் பாஷையில் நடக்கும். எழுதுவது ஆங்கிலத்தில். ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினார். காகிதத்தை உருவி என்னிடம் கொடுத்தார்.

"படிச்சுச் சொல்லு அதேலா."

படித்தேன். கொடுக்கப்பட்ட சான்றிதழைக் கொண்டு பார்க்கையில், மேற்படி எருமை 'நாட் ஐடென்டிஃபையபிள்' என்று இருந்தது. அடையாளம் காணத்தக்கதல்ல.

பசிலியாவுக்கு மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை. அந்தச் சொல் எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். பெரும் புயலுக்குப் பிறகு மாதா கோயில் கதவில் செத்தவர்களின் பட்டியல் ஒட்டினார்கள். பெயர் தெரிந்தவர்களுக்கு எதிரே பெயர். தெரியாதவர்களுக்கு எதிரே இந்தச் சொல். நாங்கள் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தோம். இரண்டு வருடம் அந்தச் சொல்லை யாரும் வாயால் சொல்லவில்லை. பிறகு மெல்லத் திரும்பி வந்தது. அடுப்பில் கருகிய மீனைச் சொன்னார்கள். விருந்தில் குடித்துவிட்டுச் சேற்றில் விழுந்து வீடு வந்த புருஷனைச் சொன்னார்கள். டாக்டரின் கையெழுத்தைச் சொன்னார்கள். சிரித்தோம்.

பசிலியா சிரிக்கவில்லை.

"செத்தவங்களுக்குப் போடற வார்த்தை அது" என்றார். "வாசல்ல நின்னு உங்க செடியத் தின்னுட்டு சாணி போடுது. அதப் போய் இப்படி எழுதறீங்களே."

"நாளைக்கு மதியம் வரைக்கும் வச்சிருப்பேன் மனாங். வேற அத்தாட்சி இருந்தா கொண்டாங்க. இல்லன்னா அவர்கிட்ட விட்டுடணும்."

மழை விழுந்துவிட்டது. ஊர் முழுக்க உழவு நடந்துகொண்டிருந்தது. பசிலியாவின் நிலம் மட்டும் பதினோரு நாட்களாகப் புல்லாகக் கிடந்தது. அந்த எருமை இல்லையென்றால் அந்த வருடத்து நெல் இல்லை.

வெளியே வந்து டோன்யாவின் முன்னால் நின்றேன். பசிலியாவின் சான்றிதழை விரித்தேன். எப்படித் தவறினேன் என்று பார்க்க நினைத்தேன்.

தவறே இல்லை. என் வலது கைப்பக்கம் தோளில் ஒரு சுழி. காகிதத்திலும் வலது பக்கம். இடுப்புச் சுழி இரண்டும் சரி. நெற்றியும் சரி. மறுபடி பார்த்தேன். நான்கும் சரி.

எருமையைச் சுற்றி வால்பக்கம் போனேன். அங்கிருந்து பார்த்தபோது எல்லாம் மாறிப்போயிருந்தது.

நான்கு வருடங்களுக்கு முன் பசிலியாவின் காபுகாவ் கிராமத்தில் எருமைப் பதிவு நடந்தது. எனக்கு வேலையில் மூன்றாவது நாள். மாமரத்தடியில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். ஒவ்வொருவரும் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து எருமையை என் முகத்துக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அவர்களைப் பொறுத்தவரை எருமையை அரசாங்கத்துக்கு அறிமுகப்படுத்தினார்கள். முகத்தைத் திருப்பி நிறுத்துவது மரியாதை இல்லை. நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்ததைப் பார்த்தபடி வரைந்தேன். எருமையின் இடது, என் வலது. காகிதத்தில் அது எருமையின் வலது.

பசிலியாவிடம் சொன்னேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இடது கை எது? காட்டு."

காட்டினேன்.

"தெரியுதே. பின்ன ஏன் காலேஜ் வரைக்கும் போன?"

"தப்புதான் மனாங். வாங்க, சீஃப்கிட்ட சொல்றேன்."

சொன்னேன். சீஃப் பொறுமையாகக் கேட்டார்.

"நீ சொல்றது உண்மையா இருக்கலாம். ஆனா வரைஞ்சவளே வந்து தப்பா வரைஞ்சுட்டேன்னு சொன்னா நான் எப்படி ஏத்துக்கறது? நாளைக்கு எவனாவது ஒரு பேப்பரக் கொண்டுவந்து, இடது வலது மாத்திப் படிங்கன்னு சொல்லுவான். எழுதற நான் என்னன்னு எழுதுவேன்?"

பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒக்தாவியோ, "கண்ணாடி முன்னாடி நின்னு வரைஞ்சாங்களோ என்னவோ" என்றான்.

பசிலியா அவன் பக்கம் திரும்பவில்லை. என்னிடம் கேட்டார்.

"அன்னைக்கு எத்தன எருமைக்கு வரைஞ்ச?"

"இருபத்திரண்டு."

"எல்லாமே இப்படித்தானா?"

"இப்படித்தான் இருக்கணும்."

பசிலியா சிரிக்கத் தொடங்கினார். சத்தம் கேட்டு டோன்யா காதை ஆட்டியது.

மாலை பதிவேட்டை எடுத்துக்கொண்டு அவருடன் காபுகாவுக்குப் போனேன். முதல் வீடு மனோங் டெமெட்ரியோவுடையது; மனோங் என்றால் அண்ணன். அவர் எருமையைக் குளத்திலிருந்து அப்போதுதான் ஏற்றியிருந்தார். பதிவேட்டில் இடது விலாவில் ஒரு சுழி. எருமைக்கு வலது விலாவில் இருந்தது.

"அப்போ நாலு வருஷமா இது என் எருமை இல்லையா?" என்றார்.

"உங்களோடதுதான் மனோங். பேப்பர்லதான் இல்ல."

"பேப்பர்ல இருக்கறது எங்க மேயுது? அதயும் ஓட்டிட்டு வந்துடறேன்."

அடுத்தடுத்த வீடுகளில் இவ்வளவு நன்றாகப் பேசவில்லை. ஒருத்தி தன் சான்றிதழைப் பெட்டியிலிருந்து, பிளாஸ்டிக் உறையோடு, மகளின் ஞானஸ்நானச் சான்றிதழுக்கு அடியிலிருந்து எடுத்து வந்தாள். எருமையோடு ஒத்துப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

இருபத்திரண்டில் இரண்டு செத்துவிட்டன. டோன்யா நிலையத்தில். மிச்சம் பத்தொன்பது.

பசிலியா கிணற்றடியில் எல்லோரையும் கூட்டினார். கேட்டது ஒன்றுதான். நாளைக் காலை எருமைகளோடு ஊருக்கு வரவேண்டும்.

"உழவு நேரம் மனாங்" என்றார் ஒருவர். "ஒரு காலை போச்சுன்னா போச்சு."

"எனக்குப் பதினோரு காலை போயிருக்கு."

"அது உங்க எருமை."

"ஆமா, என் எருமை. அடுத்த வாரம் உன்னோடது காணாமப் போகும். நீயும் சந்தையில கண்டுபிடிப்ப. பெட்டியில இருந்து பேப்பர எடுத்துட்டு ஓடுவ. சீஃப் என்ன எழுதுவார்? சொல்லு."

கூட்டத்தில் வேறு யாரோ அந்தச் சொல்லைச் சொன்னார்கள். யாரும் சிரிக்கவில்லை.

"எத்தன மணிக்கு வரணும்?" என்றார் டெமெட்ரியோ.

காலை ஏழு மணிக்கு முதல் எருமை காவல் நிலையத்துக்கு எதிரே உள்ள சதுக்கத்துக்குள் நுழைந்தது. ஏழரைக்குள் பத்தொன்பதும் வந்துவிட்டன. கொடிக்கம்பத்தைச் சுற்றி நின்றன. மூன்று கல் நடந்து வந்த சேறு காலில் காயவில்லை. சவாரி ஏற்றும் ட்ரைசிகிள்கள் நின்றன. ரொட்டிக் கடைக்காரன் கடையைவிட்டு வெளியே வந்தான். பள்ளிக்கூடத்துக்குப் போகவேண்டியவர்கள் போகவில்லை. கதவைச் சாத்தியவளும் வந்திருந்தாள். இரண்டு கைகளாலும் பிளாஸ்டிக் உறையைப் பிடித்திருந்தாள்.

சீஃப் காபிக் கோப்பையோடு வெளியே வந்தார். கோப்பையை மதில்மேல் வைத்தார்.

"என்ன மனாங் இது?"

"அத்தாட்சி கேட்டீங்களே. நடந்து வந்திருக்கு."

"இவங்கெல்லாம் யாரு?"

"காபுகாவ் ஜனங்க. இவங்க எருமை எதையும் அடையாளம் காண முடியாது, சீஃப். பேப்பர் இருக்கு, பாத்துக்கங்க. பாத்துட்டு, ஒக்தாவியோவுக்கு எது வேணுமோ எடுத்துக்கச் சொல்லுங்க."

கூட்டம் சிரித்தது. ஒக்தாவியோ லாரிப் படியில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தான். மெல்லுவதை நிறுத்தினான்.

சீஃப் முதல் எருமையிடம் போனார். டெமெட்ரியோ காகிதத்தை நீட்டினார். சீஃப் பார்த்தார். எருமையைச் சுற்றி வந்தார். விலாவை விரலால் தடவினார். இரண்டாவதற்குப் போனார். மூன்றாவதற்குப் போனார். மூன்றும் எதிர்ப்பக்கம்.

நான்காவது எருமையின் வால்பக்கம் நின்று காகிதத்தைத் திருப்பினார். பின்பக்கம் தன்னைப் பார்க்கும்படி பிடித்து, வெயிலுக்குத் தூக்கினார். மெல்லிய அரசாங்கக் காகிதம். நான் போட்ட மை மறுபக்கம் தெரிந்தது. இடது வலதாகி, வலது இடதாகித் தெரிந்தது. காகிதத்தையும் எருமையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சரியா இருக்கு" என்றார்.

முதல் எருமைக்குத் திரும்பப் போனார். அதையும் அப்படியே வெயிலில் பிடித்தார். "சரி" என்றார். இரண்டாவது. "சரி."

ஐந்தாவதில் கூட்டம் எண்ணத் தொடங்கியது. ஆறு என்று ரொட்டிக்கடைக்காரன் கத்தினான். ஏழு. எட்டு. ஒவ்வொரு எருமைக்காரரும் தம் முறை வந்தபோது தொப்பியைக் கழற்றிக்கொண்டார்கள். சீஃப் எதையும் விடவில்லை. ஒன்பதாவதில் ஒரு சுழி குறைந்தது. எல்லோரும் மூச்சைப் பிடித்தார்கள். அதன் சொந்தக்காரர் காய்ந்த சேற்றை உள்ளங்கையால் தேய்த்து உதிர்த்தார். அடியில் சுழி இருந்தது.

"ஒம்போது!"

பத்தொன்பது வரை போயிற்று. பத்தொன்பதாவது பிளாஸ்டிக் உறைக்காரியுடையது. காகிதத்தை வெளியே எடுக்க அவள் யாரையும் விடவில்லை. உறையோடு அவளே வெயிலுக்குத் தூக்கிப் பிடித்தாள்.

"சரி" என்றார் சீஃப். முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அந்த எருமையக் கொண்டாங்க."

டோன்யாவைக் கொண்டுவந்தார்கள். பசிலியாவின் சான்றிதழை சீஃப் வாங்கினார். வால்பக்கம் நின்றார். தூக்கிப் பிடித்தார்.

நெற்றி. இடது தோள். இடது இடுப்பில் இரண்டு.

சதுக்கம் முழுக்கச் சத்தம் எழுந்தது. பத்தொன்பது எருமைகளில் சில மிரண்டு கயிற்றை இழுத்தன. சீஃப் கையை உயர்த்தினார்.

"இன்னும் முடியல. இதுல நாலு. எருமையில அஞ்சு."

பசிலியா அவர் கையைப் பிடித்தார். போலீஸ் அதிகாரியின் கையை ஒரு பெண் அப்படிப் பிடித்து எங்கள் ஊரில் யாரும் பார்த்ததில்லை. விரல்களை எருமையின் கழுத்தில், மயிர் சுழித்த இடத்தில் வைத்து அழுத்தினார்.

"என்ன தெரியுது?"

"கெட்டியா இருக்கு. கயிறு மாதிரி."

"இப்ப தோள்ல தொடுங்க."

தொட்டார். "இங்க ஒண்ணும் இல்ல. மெத்துன்னு இருக்கு."

"இது பொறந்தப்போ வந்தது. அது போன மழைக்கு வந்தது. மாட்டு டாக்டர் ஏழு தையல் போட்டார். கேட்டுப் பாருங்க, இங்கதான் நிக்கறார்."

கூட்டத்துக்குள்ளிருந்து மாட்டு டாக்டர் கையைத் தூக்கினார். "எட்டு" என்றார். "ஒண்ணு அறுந்துபோச்சு."

சீஃப் ஒக்தாவியோவின் சான்றிதழைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தார். சுழிகளைப் பார்க்கவில்லை. தேதியைப் பார்த்தார்.

"ஒக்தாவியோ, இது மூணு வருஷத்துக்கு முன்னாடி கொடுத்த பேப்பர்."

"ஆமா, சீஃப்."

"போன வருஷம் பட்ட காயம் இதுல எப்படி வந்துச்சு?"

ஒக்தாவியோ ரொட்டியைப் பக்கத்தில் வைத்தான். "நானும் வாங்கினவன்தான்."

"யார்கிட்ட?"

அவன் லாரிச் சாவியைத் தேடிப் பையில் கையை விட்டான். சாவி ட்ரைசிகிள்காரர்களில் ஒருவனிடம் இருந்தது. எப்போது எடுத்தான் என்று தெரியவில்லை. சாவியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தான்.

"உள்ள வந்து உக்காரு" என்றார் சீஃப். "பேசணும்."

அவனை உள் அறையில் உட்காரவைத்துவிட்டுத் தட்டச்சுக்கு வந்தார். நேற்றைய காகிதத்தை எடுத்தார். நானும் பசிலியாவும் எதிரே நின்றோம். சன்னல் முழுக்க முகங்கள். ஒரு எருமையின் முகமும் இருந்தது.

"நேத்து நான் எழுதினது பொய் இல்ல" என்றார் என்னிடம். "நேத்து அடையாளம் காண முடியல."

"எருமைக்கு நேத்தும் நாலு சுழிதான், சீஃப். முடியாதது எருமைக்கு இல்ல. பாத்தவங்களுக்குத்தான்" என்றேன்.

சீஃப் புதிய காகிதம் ஒன்றை எந்திரத்தில் செருகினார்.

"எனக்கு மட்டும் இல்லியே. வரைஞ்சது நீ."

"ஆமா. முதல்ல எனக்கு. அப்புறம் உங்களுக்கு."

"இத எழுதணுமா?"

"எழுதுங்க."

எழுதினார். சான்றிதழில் எழுத்தரின் பிழை. பத்தொன்பது எருமைகளைக் கொண்டு சரிபார்க்கப்பட்டது. அதுவரை வேகமாக வந்தது. அடுத்த சொல்லுக்கு வந்ததும் ஒவ்வொரு எழுத்தாகத் தேடினார். சன்னலில் நின்றவர்கள் ஒவ்வொரு எழுத்தையும் உரக்கப் படித்தார்கள். ஐ. டி. ஈ. இம்முறை முன்னால் 'நாட்' இல்லை. உள்ளே எட்டிப் பார்க்க முடியாதவர்கள் பின்னால் கேட்டுத் திருப்பிச் சொன்னார்கள். சதுக்கம் முழுக்கப் போய்ச் சேர்ந்தது. கடைசி எழுத்து விழுந்தபோது, கொடிக்கம்பத்தடியில் நின்ற டெமெட்ரியோ அந்தச் சொல்லை முழுதாக, நீட்டி, பாட்டுப்போல் கத்தினார். கூட்டம் திருப்பிக் கத்தியது.

சீஃப் கையெழுத்துப் போட்டார். பசிலியா வாங்கினார். படித்துப் பார்க்கவில்லை. மடித்து, ரவிக்கைக்குள் வைத்தார்.

"பேப்பர் வேணாம்னு நெனச்சேன்" என்றார். "வேணும்."

வெளியே டோன்யா மீதிச் செடியையும் முடித்திருந்தது. பசிலியா அதன் முதுகில் கைவைத்து, ஒரே தாவில் ஏறி உட்கார்ந்தார். அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. காபுகாவ்காரர்கள் வழிவிட்டார்கள். எருமைகள் ஒன்றன்பின் ஒன்றாக அதன் பின்னால் திரும்பின. தெரு முழுக்கச் சாணி. நகராட்சித் துப்புரவுக்காரர் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு நின்று, போகிற ஒவ்வொரு எருமைக்கும் சலாம் வைத்தார்.

பிளாஸ்டிக் உறைக்காரி மட்டும் போகவில்லை. தன் எருமையை எனக்கு எதிரே இழுத்து வந்து நிறுத்தினாள். பிறகு யோசித்து, கயிற்றைச் சுற்றி இழுத்து, அதன் பின்பக்கத்தை என் முகத்துக்கு நேராகத் திருப்பினாள்.

"இப்போ வரைங்க, மேடம்" என்றாள். "புதுசா."

வரைந்தேன். அவள் என் தோளுக்குமேல் எட்டிப் பார்த்து ஒவ்வொரு சுழிக்கும் "இடது" என்றோ "வலது" என்றோ சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் சொன்னது எல்லாம் சரி.

மதியம் இரண்டு மணிக்கு மீதிப் படிவங்களோடு காபுகாவுக்குப் போனேன். ரோட்டிலிருந்தே பார்த்தேன். பசிலியாவின் நிலத்தில் நான்கு சால் ஓடியிருந்தது. சேற்றுத் தண்ணீர் பளபளத்தது. டோன்யா ஐந்தாவது சாலில் இருந்தது. பசிலியா ஏரை அழுத்திப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். நிற்கவில்லை.

"அந்தப் பக்கம் போ" என்று கத்தினார். "டெமெட்ரியோ காத்துக்கிட்டிருக்கார். எனக்கு வேலை இருக்கு."